ஆகஸ்ட் மாதத்துத் தண்ணீர்

ஆகஸ்டில் பர் துபாய்க் குழாய்களில் பச்சைத்தண்ணீர் வராது. மாடித் தொட்டியில் வெந்து, எந்தப் பக்கம் திருகினாலும் கையைச் சுடும். அன்று மத்தியானம் சீதாராமன் முகம் கழுவக் குழாயைத் திறந்தபோது விரல்கள் குளிரில் விறைத்துப்போயின. கூடவே பாசியும் ஈரக்கல்லும் கலந்த வாடை.

"வாட்ச்மேன் மடையன் எதையோ மாட்டி வச்சிருக்கான்," என்று உதட்டைச் சுழித்தான்.

அவனுக்கு எல்லாருமே மடையர்கள்தான். முந்தின நாள்தான் அவனும் மனைவியும் சுவிட்சர்லாந்திலிருந்து திரும்பியிருந்தார்கள். அங்கே ஏரியில், படகில் ஊரே மலையையும் நீரையும் பார்த்து வாய்பிளந்து நிற்க, இவன் மட்டும், "இதெல்லாம் ஒரு ஏரியா? எங்க செம்பரம்பாக்கத்தோட கால்தூசி பெறாது" என்று கம்பிக்கு வெளியே காறித் துப்பினான்.

"தண்ணியில துப்பாதீங்க," என்றாள் மனைவி தாமரை. "அங்க பாருங்க, ஒரு வட்டம்கூட எழும்பல."

"பட்டிக்காடு," என்று சிரித்தான்.

இப்போது தாமரை குளிக்கப் போயிருந்தாள். சோபாவில் கண்ணயர்ந்தவனின் காதில், ஏசியின் முனகலுக்கும் கீழே தெருவில் போகும் வண்டிகளின் இரைச்சலுக்கும் அடியில், குளியல்தொட்டியில் நீர் கொட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்து, மெல்ல மெல்ல, படகின் விலாவில் அலை தட்டுகிற ஓசையாக மாறியது.

விழித்தான். தரைவிரிப்பு நனைந்திருந்தது.

"தாமரை! காது செவிடா உனக்கு?"

குளியலறைக் கதவைத் தள்ளினான்.

அவள் இல்லை. தொட்டி தளும்பியது. கரும்பச்சை. அடி தெரியவில்லை.

"தாமரை..."

கையை உள்ளே விட்டான். முழங்கை வரை. தோள் வரை. அடி தட்டவில்லை. கன்னம் நீரில் பட்டது. பனி. முதன்முறையாக அவன் குரல் உடைந்தது. "தாமரை, கையக் குடு! என் கையப் பிடிச்சுக்கோ!"

ஒரு கை அவன் கையைப் பற்றியது.

அழுதபடி இழுத்தான்.

வாசல் கதவு திறந்தது. பை உரசும் சத்தம்.

"ஷாம்பு தீர்ந்துபோச்சுங்க," என்றாள் தாமரை, கூடத்திலிருந்து. "கீழே குரோசரிக் கடைக்குப் போயிட்டு வந்தேன். எங்க இருக்கீங்க?"

நீருக்குள் அந்தக் கை இறுகியது.

பிறகு இன்னொரு கை.

பிறகு இன்னொன்று.