ஏழு, ஏழு, மூன்று, ஒன்று

அந்த வியாழக்கிழமை ரேடியோவில் பேர் கூப்பிடும் ரோல் காலில் ஒரு பீப் கூடுதலாகக் கேட்டது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, அரை நொடிச் சத்தம். வேறு யாராவது என்றால் ஏதோ மில் மோட்டார் இரைச்சல் என்று விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போயிருப்பார்கள். ஆனால் அந்த பீப்பைச் செய்து பெட்டிக்குள் வைத்ததே எலியேசர்தான். அது எதற்கு வரும், எதற்கு வராது என்று அவருக்குத் தெரியும்.

பெட்டி என்று அவர்கள் சொன்னது ரிப்பீட்டரை. செண்பகத்தோப்புக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை உச்சியில், ஆள் குனிந்துதான் நுழைய முடிகிற ஒரு சின்ன அறைக்குள் அது இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு என்று பொழுதுபோக்குக்காக லைசென்ஸ் எடுத்து ஹாம் ரேடியோ வைத்திருந்த பதினோரு பேர் சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றொன்றில் அதைக் கட்டினார்கள். கீழே யார் செட்டில் பேசினாலும் பெட்டி கேட்கும், கேட்டதை அதே நொடியில் ஊர்களுக்கெல்லாம் உரக்கத் திருப்பிச் சொல்லும். பேசியவர் பட்டனை விட்டதும், கேட்டுக்கொண்டேன் என்பதற்கு ஒரு பீப். யாரும் பட்டனை அமுக்காமல் பீப் வராது.

வியாழன்தோறும் ஏழு மணிக்கு, வீட்டுச் சுவர்க்கடிகாரம் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு தடவை கரகரத்துவிட்டு அடித்து முடித்ததும், எலியேசர் மைக்கை எடுத்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். செத்துப்போனவரின் பேரையும் ஒரு வருஷம் வரைக்கும் கூப்பிடுவது அவர்களுடைய வழக்கம். கூப்பிட்டுவிட்டு, அவர் பதில் சொல்ல ஆகும் நேரத்தைச் சும்மா விட்டுவிட்டு அடுத்தவரிடம் போவார். அப்படி ஒரே ஒரு பேர்தான் இதுவரை இருந்தது.

"நைனா முகமது" என்று கூப்பிட்டுவிட்டு அவர் காத்திருந்தபோதுதான் அது வந்தது. டிக் என்று யாரோ பட்டனை அமுக்கிய சத்தம். கொஞ்ச நேரம் வெறும் காற்று. பிறகு பீப்.

"அண்ணாச்சி, யாரது நடுவுல?" ராஜபாளையத்திலிருந்து சோணைமுத்து கேட்டான். பஞ்சுக் கமிஷன் கடையில் எடை போடுகிறவன், வாய் சும்மா இருக்காது. "நைனா பாய் மேல போயும் செட்டை விடலையா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"எங்கயாச்சும் மின்னல் வெட்டியிருக்கும்" என்றார் எலியேசர். ஜன்னலுக்கு வெளியே வானத்தில் ஒரு மேகம்கூடக் கிடையாது. அடுத்த பேரை வாசிக்கும் முன் அவருக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

நைனா முகமது ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். பெட்டிக்குள் வருகிற குரலையும் போகிற குரலையும் பிரிக்கிற பித்தளைக் குழாய்கள் எல்லாம் அவர் கைவேலை. எதைப் பேசினாலும் "ம்ம்... சரி" என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். போன ஐப்பசியில், ஏரியல் கம்பத்தின் இழுவைக் கம்பி தளர்ந்துவிட்டது என்று ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தனியாக மேலே போனார். மூன்றாம் நாள் காட்டிலாகா வாட்சர் ஒருவர் பாறை இடுக்குக்குள் அவரைப் பார்த்தார். கால் முறிந்திருந்தது. கைசெட்டைப் பிடித்திருந்த விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இது ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை எலியேசரிடம் இருந்தது.

டெலிபோன் எக்சேஞ்சில் டெக்னீசியன் அவர். பழைய டெலிபோன் பட்டன்களை மைக்கோடு சேர்த்து, நாலு எண்ணை அமுக்கினால் மலைமேல் இருக்கிற பெட்டியின் காது இறுகிக்கொள்ளும்படி ஒரு சர்க்யூட் செய்திருந்தார். அதன்பிறகு பலமான சத்தத்தை மட்டும்தான் பெட்டி திருப்பிச் சொல்லும், நலிந்த சத்தத்தைக் கேட்காது. போன வருஷம் அந்த வியாழக்கிழமை ரோல் காலுக்கு நடுவே டிக், டிக் என்று வந்துகொண்டே இருந்தது. நைனா வரவில்லை, மழைக்கு எங்காவது ஒதுங்கியிருப்பார் என்று நினைத்தார்கள். எலியேசருக்குப் புதுச் சாமானைக் காட்டிக்கொள்ள ஆசை. "ஏதோ இரைச்சல் வருது. செத்த பொறுங்க, காதை இறுக்குறேன்" என்று சொல்லி அமுக்கினார். ஏழு, ஏழு, மூன்று, ஒன்று. இரைச்சல் நின்றது. மற்ற ஒன்பது பேரும் பிரமாதம் என்றார்கள்.

கைசெட்டில் பேட்டரி செல் இறங்கினால் முதலில் குரல்தான் போகும். பட்டனை அமுக்கினால் டிக் மட்டும் வரும். இது அவருக்குத் தெரியாததா? அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். துக்கம் விசாரிக்கப் போனபோது நைனாவின் மனைவி ஜரீனா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

"அண்ணே, அவிய செட்டுல கூப்பிட்டிருப்பாவல்ல? ஒங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

"கேக்கலம்மா. கேட்டிருந்தா ஓடியிருக்க மாட்டேனா?"

அவள் நம்பினாள். பாவி மனுஷனுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் எலியேசர் மேலே போனார். ஜரீனாவின் தம்பி மைதீன் பிச்சை கூட வந்தான். பேட்டரிக் கடை வைத்திருப்பவன், பெட்டிக்கு பேட்டரி மாற்றுவது அவன் பொறுப்பு. எலியேசர் பித்தளைக் குழாய்களைக் கழற்றித் துடைத்தார். பெட்டியின் காது இன்னும் கூர்மையாகும்படி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செய்த சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றை ஏரியல் ஒயருக்கும் பெட்டிக்கும் நடுவே பற்ற வைத்தார். இரைச்சல் என்றால் எந்த இரைச்சல் என்று தெரிந்துவிடும், அப்புறம் நிம்மதி. கடைசியாக, காதை இறுக்குகிற சர்க்யூட்டின் ஒயரைக் கட்டரால் வெட்டி, வெட்டிய துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அதை எதுக்கு அண்ணாச்சி வெட்டுறிய?"

"இனி யாரும் இதோட காதை அடைக்க வேண்டாம், மைதீன்."

கிளம்பும்போது வழக்கப்படி கதவில் சாக்பீஸால் தேதியும் நேரமும் பேரும் எழுதினார்கள். வருகிறவர் எவரும் எழுதாமல் இறங்கக்கூடாது. அது நைனா செத்தபிறகு போட்ட சட்டம்.

அடுத்த வியாழனோடு நைனா செத்து வருஷம் முடிகிறது. அன்று மத்தியானம் மைதீன் பிச்சை புது பேட்டரியோடு மேலே போனான். இறங்கியதும் செட்டில் சொல்கிறேன் என்றவன் ஏழு மணி வரைக்கும் சொல்லவில்லை. கடிகாரம் கரகரத்து அடித்தது. எலியேசர் பேர்களைக் கூப்பிட்டார். மைதீன் பிச்சையைத் தவிர எல்லாக் குரல்களும் முன்னைவிடத் தெளிவாக, பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல் வந்தன. நைனாவின் பேரைக் கடைசித் தடவையாகக் கூப்பிட்டார்.

டிக்.

இந்தத் தடவை வெறும் காற்று இல்லை. எங்கேயோ ஆழத்தில் தண்ணீர் சொட்டியது. அதற்கும் இந்தப் பக்கம், மைக்குக்கு வெகு அருகில், மூக்கு வழியாக யாரோ மெதுவாக மூச்சு விட்டார்கள். பிறகு பீப்.

"இன்னைக்கு இம்புட்டுதான்" என்று ரோல் காலை முடித்துவிட்டு, எல்லோரும் செட்டை அணைக்கும்வரை எலியேசர் காத்திருந்தார். பிறகு தனியாக மைக்கை அமுக்கினார்.

"மைதீனா? ஆமான்னா ஒரு தடவை அமுக்கு. இல்லன்னா ரெண்டு தடவை."

டிக். பீப்.

"விழுந்துட்டியாடா?"

டிக். பீப்.

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம். போனால், டிக் சத்தம் ஆள் கூப்பிடுவது என்று உமக்கு எப்படி அண்ணாச்சி தோன்றியது, அப்போ போன வருஷம் கேட்டோமே அது என்ன என்று ஒருத்தன் கேட்பான். ஜரீனாவின் காதுக்கு அது போகும். எலியேசர் டார்ச்சையும் கைசெட்டையும் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"இருட்டுல எங்கன போறிய?" சமையலறையிலிருந்து ஏசம்மாள் எட்டிப் பார்த்தாள். "அடுப்புல காப்பி போட்டுக்கிட்டு இருக்கேன்."

"இந்தா வாரேன். வந்து குடிக்கேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்தார்.

செண்பகத்தோப்பு வழியெங்கும் மாந்தோப்புகளின் ஈர வாசனையும் அழுகிய இலை வாசனையும் மாறி மாறி வந்தன. காட்டிலாகா கேட்டில் லாந்தர் எரிந்தது, ஆள் இல்லை. மொபெட்டை அங்கேயே சாய்த்துவிட்டு ஏறினார். ஓடைச் சத்தம் இடப்பக்கம் கூடவே வந்து, மேலே போகப்போகக் குறைந்து, ஒரு கட்டத்தில் தன் மூச்சு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தபோது, அது கைசெட்டிலிருந்து வரும் மூச்சா, தன் மூச்சா என்று நின்று பார்க்க வேண்டியிருந்தது. நின்றார். தன் மூச்சைப் பிடித்தார். அந்த மூச்சு நிற்கவில்லை.

கர்த்தரே, கர்த்தரே என்று சொல்லிக்கொண்டே மீதித் தூரத்தை ஏறினார்.

பாறை உச்சியில் அறைக் கதவு பூட்டியிருந்தது. டார்ச்சை அடித்தார். சாக்பீஸ் எழுத்து புதிதாக இருந்தது. இன்றையத் தேதி. பேட்டரி மாற்றியாச்சு. மைதீன் பிச்சை. 4.10.

நாலு பத்துக்கே இறங்கிப் போய்விட்டான். செட்டில் சொல்ல மறந்திருப்பான். இந்நேரம் கடையை மூடிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

அப்படியானால் யார்?

டிக்.

கைசெட்டில் கேட்டது. அதே நொடியில் கீழே, இருபதடி தள்ளி, பாறை இடுக்குக்குள்ளிருந்தும் கேட்டது. பட்டன் அமுங்குகிற சத்தம்.

எலியேசர் அந்த இடுக்குப் பக்கம் திரும்பினார். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை அந்த இருட்டிடம் சொன்னார். கைசெட்டை வாயருகே வைத்து, அழுதுகொண்டே சொன்னார்.

"நைனா, நான்தாம்ப்பா அடைச்சேன். எனக்குக் கேட்டுச்சு. இரைச்சல்னு நெனச்சுட்டேன். ஜரீனாகிட்ட பொய் சொன்னேன். மன்னிச்சிருப்பா. மன்னிச்சிட்டேன்னு ஒரு தடவை அமுக்குப்பா."

காற்று நின்றிருந்தது.

டிக்.

அப்பாடா என்று கண்ணை மூடினார்.

டிக்.

ஓடினார். டார்ச் எங்கோ போனது. வழி எது, பாறை எது, தெரியவில்லை. இடது காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது மேலே ஒரு கீற்று வானம் மட்டும் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஈரப் பாறை. தலைமாட்டில் தண்ணீர் சொட்டியது. வலது கால் இருந்த பக்கத்தை அவர் பார்க்கவில்லை. வலி வந்தது. கத்தினார். தன் குரல் பாறையில் மோதித் தன் முகத்திலேயே விழுந்தது.

கைசெட்டு கையில்தான் இருந்தது. புண்ணியம். அமுக்கினார்.

"யாராச்சும் இருக்கியளா? எலியேசர். மலையில விழுந்துட்டேன்."

பீப் வந்தது. ஆனால் தன் குரல் போயிருக்குமா? அவசரத்தில் செல்லைச் சார்ஜ் போடாமல் வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

செட்டு இரைந்தது. யாரோ பேசத் தொடங்கினார்கள். வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது எலியேசருக்கு.

"ம்ம்... சரி. எல்லாருக்கும் வணக்கம். ரோல் கால் ஆரம்பிக்கலாமா?"

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சுவர்க்கடிகாரம் கரகரத்தது. பிறகு ஒன்பது அடித்தது.

அது அவர் வீட்டுக் கடிகாரம்.

"சோணைமுத்து."

"சோணைமுத்து, ராஜபாளையம். நல்லா கேக்குது அண்ணாச்சி."

"மைதீன் பிச்சை."

"நாலு மணிக்கே எறங்கிட்டேன் அண்ணாச்சி. சொல்ல மறந்துட்டேன்."

ஒரே ராத்திரியில் இரண்டாவது ரோல் கால் என்பதிலோ, அந்தக் குரலிலோ ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. ஒவ்வொரு பேராக வந்தது. ஒவ்வொருத்தரும் பதில் சொன்னார்கள். அண்ணாச்சி, அண்ணாச்சி என்றார்கள்.

"எலியேசர்."

கூப்பிட்டுவிட்டு அந்தக் குரல் காத்திருந்தது. செத்தவருக்கு விடுகிற அதே நேரம். எலியேசர் பட்டனை அமுக்கினார். அலறினார். விட்டார். அமுக்கினார். பீப். பீப். பெட்டிக்குக் கேட்கிறது. கேட்கிறது.

"ஏதோ இரைச்சல் வருது" என்றது குரல். "செத்த பொறுங்க, காதை இறுக்குறேன்."

பின்னால் ஏசம்மாளின் வளையல் சத்தம். மேசையில் டம்ளர் வைக்கிற சத்தம்.

"ஏங்க, காப்பி ஆறுது."

"இந்தா வாரேன்."

எலியேசரின் கை சட்டைப் பைக்குப் போனது. வெட்டிய ஒயர் துண்டு அங்கேதான் இருந்தது. விரலில் குத்தியது. கைசெட்டில் அந்தப் பட்டன்கள் அமுங்கும் சத்தம் ஒவ்வொன்றாக வந்தது.

ஏழு.

ஏழு.

மூன்று.

ஒன்று.

அமுக்கினார். பீப் வரவில்லை.

அமுக்கினார்.