முப்பத்தோரு அப்பாக்களும் ஒரு மாடும்

“அந்தப் பெட்டிய வைங்க! அது என்னுது!”

கலாவதி கடைக்குள் நுழையும்போதே கத்திவிட்டாள். குடையை மடக்கக்கூட நேரமில்லை. மலேசியாவின் கோலா குபு பாருவில், சீனி முகம்மது பாயின் எழுதுபொருள் கடையில் மிச்சமிருந்த ஒரே ஒரு ஸ்டென்சில் பெட்டி... அதை உயரமான ஒருவன் வெகு உரிமையாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

அவன் திரும்பினான்.

பெரிய கண்கள். மழையில் நனைந்து இமையெல்லாம் ஒட்டிக்கொண்டு... ‘சே! கண்ணைப் பார்க்கிற நேரமாடி இது?’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“உங்க பேரு எழுதியிருக்கா என்னா?” என்றான் அவன்.

“நேத்தே பாய்கிட்ட சொல்லி வச்சேன்.”

“நான் முந்தாநேத்தே சொல்லி வச்சேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் பாயைப் பார்த்தார்கள். சீனி முகம்மது பாய் தாடியைச் சொறிந்தார்.

“ரெண்டு பேருகிட்டயும் சரின்னுதான் சொன்னேன். இந்த மழையில யாரும் வர மாட்டீங்கன்னு நெனச்சேன் லா...”

கலாவதிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் ஆங்கிலம் எடுக்கிற ஐந்தாம் பாரத்துக்குப் பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை நவம்பரில். இது செப்டம்பர். முப்பத்தெட்டுப் பேருக்கு ஆங்கிலப் பாடப்புத்தகம் பன்னிரண்டுதான். மிச்சமெல்லாம் அவளே ஸ்டென்சில் என்கிற மெழுகுத் தாளில் டைப் அடித்து வெட்டி, ரோனியோ மெஷினில் நகல் ஓட்டிக் கொடுக்க வேண்டியதுதான். எண்பத்தாறாம் வருஷத்துக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த ஸ்டென்சில் ஆகஸ்டிலேயே தீர்ந்துவிட்டது.

“ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம் டீச்சர்,” என்றான் அவன்.

“நான் டீச்சர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க பேசுறது கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குதே...”

பாய் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இருபத்து நான்கு தாளை எண்ணி வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். ஸ்டென்சில் நனைந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும். கடையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் பையை அவன் அவளிடம் நீட்டிவிட்டு, தன் பங்கைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டான். அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். கட்டுரைக்கு இரண்டு தலைப்புகள்: ‘மறக்க முடியாத ஒரு நாள்’, ‘எங்கள் பள்ளி நூலகம்’. முதல் தாள் அம்சவள்ளியுடையது. கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண், கெட்டிக்காரி. வெள்ளம் ஒரு மாட்டை அடித்துக்கொண்டு போகிறது. அவளுடைய அப்பா ஆற்றில் குதிக்கிறார். மாட்டை இழுத்துக்கொண்டு கரையேறி, மகளைப் பார்த்துச் சிரிக்கிறார். கலாவதிக்கே கண் கலங்கிவிட்டது. நல்ல மதிப்பெண் போட்டாள்.

இரண்டாவது தாளில் வேறொரு அப்பா ஆற்றில் குதித்தார்.

மூன்றாவதிலும் குதித்தார்...

பத்தாவது தாளில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ‘எங்கள் பள்ளி நூலகம்’ என்ற தலைப்பை எடுத்த ஒருவன்கூட, நூலகத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஆற்றங்கரைக்குப் போயிருந்தான்! முப்பத்தெட்டில் முப்பத்தொன்று. கமா முதற்கொண்டு ஒன்றே.

மறுநாள் அம்சவள்ளியை நிற்க வைத்துக் கேட்டதும், புத்தகப் பையிலிருந்து ஒரு ரோனியோ தாளை எடுத்து நீட்டினாள்.

“எங்க தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற சின்னக் கிராணி குடுத்தாரு டீச்சர். சனிக்கிழம சனிக்கிழம ஹால்ல சும்மாவே சொல்லிக் குடுப்பாரு. இத ஒண்ண மனப்பாடம் பண்ணிட்டா எந்தத் தலைப்பு வந்தாலும் நொழச்சிடலாம்னாரு...”

நுழைத்துவிட்டார்களே! கலாவதி பல்லைக் கடித்தாள். ஆங்கிலத்தில் கிரெடிட் தேர்ச்சி கிடைத்தால்தான் இந்தப் பிள்ளைகள் நர்ஸ் பயிற்சிக்கோ ஆபீஸ் வேலைக்கோ மனு போட முடியும். இல்லையென்றால் விடிந்ததும் பால்வெட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தக் கிராணியைப் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று சனிக்கிழமை காலை பஸ் ஏறினாள்.

தோட்டத்து ஹாலை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. முப்பத்தொரு குரல்கள் சேர்ந்து, ராகம் போட்டு, அந்த மாட்டை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தன. முன்னால் நின்று கையசைத்துக்கொண்டிருந்தவன்...

அவனேதான். ஸ்டென்சில்காரன். அதே கண்கள்.

“டீச்சர்! நீங்களா?” அவன் முகம் மலர்ந்தது.

அவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. “முப்பத்தோரு அப்பா! முப்பத்தோரு மாடு! மிஸ்டர்... உங்க பேரு என்ன?”

“உமாபதி.”

“மிஸ்டர் உமாபதி, ஆத்துல தண்ணி ஓட எடம் இருந்துச்சா? இல்ல, மாடும் அப்பாவுமே நெரம்பிக் கெடந்தாங்களா?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். உமாபதி சிரிக்கவில்லை. அந்த முகம் வெளிறிப்போனதை அவள் பார்த்தாள். மேசை மேலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினான். வெளியே போய்விட்டான்.

அம்சவள்ளி மெதுவாக அருகில் வந்தாள். “டீச்சர்... அது கிராணியண்ணனோட அப்பாதான் டீச்சர். எங்கம்மா சொல்லியிருக்காங்க. நெஜமாவே ஆத்துல எறங்குனாரு...”

‘ஐயோ... என் வாயை என்ன செய்தால் தகும்!’

ஆபீஸ் அறையில் அவன் ரோனியோ மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“பஸ் போயிடும் டீச்சர். அடுத்தது மூணு மணிக்குத்தான்.”

“போகட்டும். எனக்குத் தெரியாது... தெரிஞ்சிருந்தா சத்தியமா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். மன்னிச்சிடுங்க.”

அவன் மெஷினில் ஒட்டியிருந்த மையைத் துணியால் துடைத்தான். பிறகு அவனே பேசினான்.

“நான் நாலாம் பாரம் படிக்கிறப்ப நடந்துச்சு. அடுத்த வருஷம் பரீட்சையில அதத்தான் எழுதினேன். கட்டுரையில அப்பா மேல ஏறி வந்துடுவாரு. என்னப் பாத்து சிரிப்பாரு... நெஜத்துல மாடு மட்டும்தான் ஏறி வந்துச்சு. அந்தக் கட்டுரைக்குத்தான் கிரெடிட் கெடச்சுது. அத வச்சுத்தான் இந்த வேல. இதுங்களுக்கும் அதே கெடைக்கட்டும்னு நெனச்சேன். வேற என்னா எனக்குத் தெரியும்?”

கலாவதிக்கு மூக்கு நுனி சுருக்கென்றது. ஆனாலும் அவள் ஆசிரியை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

“ஒரு பள்ளிக்கூடத்துத் தாளெல்லாம் ஒரே பொட்டலமா திருத்துற ஒரே ஆள்கிட்டதான் போகும். நாலாவது தாள்லயே காப்பி அடிச்சாங்கன்னு முடிவு கட்டிடுவாரு. முப்பத்தோரு பேருக்கும் சைபர்.”

அவன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். இதை அவன் யோசித்திருக்கவே இல்லை. மறு நிமிஷம் முகம் இறுகியது.

“அப்ப இனிமே கிளாஸ் கெடையாது. நான் என்னா, கிராணிதானே! படிச்ச டீச்சர் நீங்களே பாத்துக்குங்க.”

“நான் அப்படியா சொன்னேன்?”

“பஸ்ஸுக்குக் கெளம்புங்க, கொட பத்திரம் டீச்சர்.”

ரோஷம்! மனுஷனுக்கு மூக்கு நுனியில் ரோஷம்!

பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு வைக்கலாம் என்றால், தோட்டத்துப் பிள்ளைகளின் பஸ் ஒன்றரைக்கே கிளம்பிவிடும். அடுத்த சனிக்கிழமை, ஒரு பெரிய பிஸ்கட் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு மறுபடியும் தோட்டத்தில் இறங்கினாள். பழைய நாள்காட்டி, செய்தித்தாளெல்லாம் வெட்டி ஒட்டிய அட்டைகள்... சந்தை, திருவிழா, ஆஸ்பத்திரி வாசல், கவிழ்ந்த லோரி. படத்தைப் பார்த்துச் சொந்தமாக எழுதிப் பழகுவதற்கு. ஹால் பூட்டிக் கிடந்தது.

ஆபீஸ் படியில் உட்கார்ந்தாள். சாரல் அடித்தது. பெட்டியின் மேல் குடையைப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தாள்.

உள்ளே தட்டச்சுச் சத்தம். நின்றது. மறுபடி கேட்டது. மறுபடி நின்றது...

கதவு திறந்தது. “காய்ச்ச வரும்,” என்றான் வேண்டாவெறுப்பாக.

“வரட்டும். சாவி குடுக்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

“சாவிய வாங்கிட்டு நீங்களே நடத்துங்க. நான் எதுக்கு?”

“நீங்க வேணும்!” கலாவதி எழுந்தேவிட்டாள். “‘மறக்க முடியாத நாள் சொல்லு’ன்னா எல்லாம் பேந்தப் பேந்த முழிக்குதுங்க. யாரு வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஸ்கூல் சட்டையில பாத்ததோட சரி. உங்களுக்குத்தான் ஒவ்வொரு லயத்து வீடும் தெரியும். நீங்க தமிழ்ல கேட்டு வாயப் புடுங்குங்க, நான் அத இங்கிலீஷ்ல எழுத வைக்கிறேன். உங்க அப்பா கதைய எல்லாரும் நம்பினதுக்குக் காரணம், அது உங்களோடதுங்கறதுதான். அதுங்களுக்கும் சொந்தமா ஒண்ணு வேணாமா?”

அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான்.

“பெட்டியக் குடுங்க. கனமா இருக்கும்.”

ஆறு சனிக்கிழமைகள் ஓடின. சண்டை இல்லாமல் ஒன்றுகூட ஓடவில்லை. அவன் கதை கேட்க உட்கார்ந்தால் ஒரு பிள்ளையிடமே ஒரு மணி நேரம் போய்விடும். “நேரம் போகுது சார்!” என்று அவள் கத்துவாள். “அவசரப்பட்டா அழுவுற புள்ள சொல்லுமா?” என்று அவன் எகிறுவான். படங்களை யார் அடுக்குவது, ஸ்டென்சிலில் யார் மார்ஜினைக் கோணலாக வைத்தது, ‘செத்த கோழிக்கு அம்மா பாட்டுப் பாடினாள்’ என்று எழுதியவனைத் திருத்துவதா விடுவதா... எல்லாவற்றுக்கும் சண்டை. விடலாம் என்றான் அவன். விட்டார்கள். அந்தக் கட்டுரைதான் வகுப்பிலேயே சிறந்ததாக வந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சல்.

ஒருநாள் மூன்று மணி பஸ்ஸுக்காக நிற்கும்போது மழை. ஒரே குடை. அவன் தோள் முழுக்க வெளியே நனைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் செய்த அட்டகாசத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்ப... அந்தக் கண்கள் இவ்வளவு கிட்டத்தில்! பஸ் ஏறிய பிறகுதான் டிக்கெட்டுக்கு எந்த ஊர் சொல்வதென்றே மறந்துபோனதை உணர்ந்தாள். ‘முப்பது வயசு ஆகப் போகுது கலாவதி... கொஞ்சமாவது புத்தி இருக்கா?’

அவன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரக்கட்டை!

ஆங்கிலத் தாள் அன்று அவன் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட கேண்டீனுக்கு வந்துவிட்டான். இருவரும் ஆறிப்போன டீயைக் கலக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் கூட்டமாக ஓடிவந்தார்கள். ஒருத்தி தம்பி பிறந்த நாளை எழுதியிருந்தாள். ஒருவன் ரயில் நிலையத்தில் தொலைந்துபோனதை. ஒருவன் கோழியை. கலாவதி ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்தாள். ஒருவர்கூட ஆற்றங்கரைக்குப் போகவில்லை.

அம்சவள்ளி மட்டும் ஒதுங்கி நின்றாள்.

“நீ என்ன எழுதின?”

“‘நான் நேரில் பார்த்த ஒரு சண்டை’ன்னு தலைப்பு வந்துச்சு டீச்சர்...”

“சரி?”

“ஆறு வாரமா நான் பாத்த சண்ட ஒண்ணுதான டீச்சர்... உங்க ரெண்டு பேரையும் எழுதிட்டேன்.”

உமாபதிக்குப் புரையேறியது. கலாவதி இடுப்பில் கை வைத்தாள். “என்னன்னு முடிச்ச?”

“முடிவு இல்லாத கட்டுரைக்கு மார்க்கு கொறைப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க... அதான் கல்யாணம் ஆயிடுச்சுன்னு எழுதிட்டேன்!” சொன்னவள் அங்கே நிற்கவில்லை. மற்றவர்களும் அவள் பின்னாலேயே சிட்டாகப் பறந்தார்கள்.

கலாவதிக்குக் காதெல்லாம் சுட்டது. “நடக்காதத எழுதாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்! கேட்டாளா பாருங்க!”

உமாபதி டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“டீச்சர்... நான் எழுதின முடிவு நடக்கல. இந்தப் புள்ள எழுதினதாவது நடக்கட்டுமே...”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் ஆறு வாரமாக அடக்கி வைத்த எரிச்சல் அல்லவா முந்திக்கொண்டு வந்தது!

“இப்பயும் அடுத்தவ எழுதினதத்தான் வச்சுப் பேசணுமா? சொந்தமா ரெண்டு வார்த்த வராதா உங்களுக்கு?”

அவன் நிமிர்ந்தான். அந்தப் பெரிய கண்கள் நேராக அவளைப் பார்த்தன.

“சனிக்கிழம காலையில எட்டு மணிலேருந்து ஆபீஸ் ஜன்னல்லதான் நிப்பேன். உங்க பஸ் பத்து மணிக்குத்தான் வரும்னு தெரியும். தெரிஞ்சும் நிப்பேன். மண்டோர் மேஸ்திரி கேட்டா மழ பாக்குறேன்னு சொல்லுவேன். நீங்க திட்டாத நாள் எனக்குச் சோறு எறங்கல... எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு, கலாவதி.”

முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

“இதச் சொல்ல ஆறு வாரமா? எனக்கு மட்டும் புடிக்காமயா அந்த ஓட்ட பஸ்ஸுல வந்துகிட்டிருந்தேன்?”

“நெஜமாவா?”

“ஞாயித்துக்கெழம கிள்ளானுக்கு, எங்க வீட்டுக்கு வாங்க. எங்கப்பா ஆயிரம் கேள்வி கேப்பாரு.” அவள் முறைத்தாள். “பதில மனப்பாடம் பண்ணிட்டு மட்டும் வந்துடாதீங்க.”