இரண்டு மணி என்று எழுதிய உறை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதில்லை. பொய்யென்று நிரூபித்தால் என் மீசையை மழித்துக்கொள்கிறேன்.

சுவீடன் மன்னரின் படைத் துணையதிகாரியான கோமகன் மாக்னுஸ், ஹெல்விக் மாளிகைக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தார். மறுநாள் மன்னர் அங்கே வேட்டைக்கு வருகிறார். வந்ததும் மாக்னுஸைத் தளபதியாக உயர்த்தப்போகிறார். டிசம்பர் மாதம். பிற்பகல் மூன்று மணிக்கே கண் தெரியாத இருட்டு.

வேலைக்காரி பிரிட்டா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"ஒரு கேப்டன் காலையிலேருந்து உள்ள காத்துக்கிட்டிருக்காருங்க எசமான். பூட்ஸெல்லாம் ஆத்துத் தண்ணி. இப்பத்தான் தரையைத் தேய்ச்சேன், என் இடுப்பே போச்சு!"

"பேரு?"

"ஸ்டோல்பேன்னாரு. உக்காரச் சொன்னா, நின்னே பழகிப்போச்சுங்கறாரு."

ஸ்டோல்பே செத்து ஆறு வருஷம்.

போரில் எதிரி வராமல் ஆற்றுப் பாலத்தைக் காத்து நின்ற ஸ்டோல்பேயைப் பின்வாங்கச் சொல்லி மன்னர் தந்த உத்தரவை அன்று எடுத்துப்போனவர் மாக்னுஸ்தான். வாங்கியவர் உறையின்மேல் நேரத்தை எழுதித் திருப்பித் தரவேண்டும் என்பது படை வழக்கம். வழியில் ஒரு விடுதி. அன்று வியாழக்கிழமை; அந்த நாட்டு வழக்கப்படி பட்டாணி சூப், பிறகு இனிப்பு அப்பம். சூப்போடு எழுந்திருக்கலாம். அப்பத்துக்காக உட்கார்ந்தார். போய்ச் சேர்ந்தபோது பாலமும் இல்லை, கேப்டனும் இல்லை, அவருடைய நாற்பது பேரும் இல்லை. ஸ்டோல்பே வாங்கிக்கொண்டதுபோல உறையில் தாமே 'இரண்டு மணி' என்று எழுதி மன்னரிடம் நீட்டினார். உத்தரவை மீறி ஆட்களைச் சாகக் கொடுத்தவன் என்று ஸ்டோல்பேயின் பெயர் கெட்டது. மாக்னுஸுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அறைக்குள் நுழைந்தார். ஆளில்லை. ஆற்றுச் சேற்றின் வாடை மட்டும்.

மேசைமேல் அந்த உறை.

'இரண்டு மணி' கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. கீழே ஈர மையில்: 'வரவில்லை.'

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது.

"அப்பம் நல்லா இருந்துச்சா, கோமகனே?"

மாக்னுஸ் திரும்பவில்லை. நாளைய பதவியை நினைத்தார். நாற்பது பேரையும் நினைத்தார். பேனாவை எடுத்து மன்னருக்கு எல்லாவற்றையும் எழுதினார், அப்பத்தையும் விடாமல். உறையிலிட்டு ஒட்டினார்.

தோளுக்கு மேலாக ஓர் ஈரக் கை நீண்டது. புது உறையின்மேல் நிதானமாக எழுதியது: 'கிடைத்தது. மூன்றரை மணி.'

பிரிட்டா விளக்கோடு வந்தபோது கடிதத்தைக் காணோம். அது மன்னருக்குப் போய்ச் சேரவுமில்லை. சன்னல்வரை போன ஈரத் தடங்கள், எத்தனை துடைத்தும், இன்றுவரை காயவில்லை.

கோமகன் நாற்காலியிலேயே செத்துக்கிடந்தார். இந்தச் சங்கதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை.