கல்லறையில் இருபத்திரண்டு படம்!

அந்தோணிசாமி ஒரு வெள்ளைக்காரத் துரையின் கல்லறை மேல் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்!

துர்கா அலறினாள்.

திண்டிவனத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தை ஃபிலிம் கேமராவில் எடுக்க விழுப்புரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள். கேட்டைத் திறந்து விட்டதே காவலாளி அந்தோணிசாமிதான். ஒரு மணி நேரம் கழித்து... பிணம்!

"உள்ள இருந்தது நீயும் அந்தாளும் மட்டுந்தான்," என்றாள் இன்ஸ்பெக்டர் தேவயானி. "அப்ப யாரு அடிச்சது? குழிக்குள்ள இருக்கிற துரையா?"

"பத்தாவது வாட்டி சொல்றேன் மேடம்! பளிங்கு தேவதை செலைய எடுத்துக்கினு இருந்தப்போ, தூரத்துல ஒரு ஆளு கடப்பாரையோட நின்னுக்கினு இருந்தான். மூஞ்சி தெரியல. ஆனா எடுத்த இருபத்திரண்டு படத்துல, எட்டாவதுல விழுந்திருப்பான்!"

"காட்டு."

"காட்ட முடியாது. இது ஃபிலிமு... கழுவணும்!"

"போன்ல எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? இன்னா பேஜாரு இது!"

துர்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு உயிர் போயிருக்கிறது. கொலைப்பழி தன் மேல் விழப் போகிறது. இந்தம்மா கேமராவின் முதுகில் ஸ்கிரீனைத் தேடுகிறாள்!

ஃபிலிம் கழுவத் தெரிந்தவர் என்று ஊரில் மிச்சமிருந்தது சுகுமார் ஒருவர்தான். முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவர். கூப்பிட்டதும் வந்தார். எட்டாவது படத்தின் கதையைக் கேட்டுக்கொண்டார். கேமராவை வாங்கினார். மரநிழலை விட்டு வெயிலுக்கு நகர்ந்தார்...

டக்!

பின்மூடி திறந்துகொண்டது!

"ஐயோ... என் ரோலு! போச்சு!"

"அடடா, கை தவறிடுச்சும்மா..." சுகுமார் உச்சுக் கொட்டினார். "வெளிச்சம் பட்டா அவ்ளோதான் மேடம். ஒண்ணும் தேறாது."

"வண்டியில ஏறு," என்றாள் தேவயானி துர்காவிடம்.

துர்கா அசையவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"முப்பத்தாறுல மிச்சம் பதினாலு படம் மேடம்! சாயங்கால வெளிச்சத்துல எடுக்கலாம்னு வெச்சிருந்தேன்!"

"எடுத்த இருபத்திரண்டும் போச்சு. அதுக்கு அழுவாம..."

"அது எங்க போச்சு? இந்தக் கேமரா, ரோலு போட்டதுமே மொத்த ஃபிலிமையும் வெளிய இழுத்துக்கும். ஒவ்வொரு படமா எடுக்க எடுக்க டப்பாக்குள்ள திருப்பி அனுப்பிடும். எடுத்தது பத்திரமா உள்ள இருக்குது. எடுக்காததுதான் வெயில்ல வெந்துடுச்சு!"

சுகுமாரின் முகம் வெளிறியது.

தேவயானி மெல்லத் திரும்பினாள்.

"முப்பது வருஷம் ஸ்டுடியோ வெச்சிருந்தவரு... வெயில்ல நின்னுக்கினு மூடியத் திறப்பீங்களா சுகுமார்?"

அவர் ஓடினார்!

கேட் வரைக்கும்தான். அங்கே கான்ஸ்டபிள் பச்சைமுத்து சும்மா காலை நீட்டினார்.

கல்லறைப் பளிங்குகளைப் பெயர்த்து விற்றது, பார்த்துவிட்ட அந்தோணிசாமியை அடித்தது... எல்லாம் சாயங்காலத்துக்குள் வாக்குமூலமாக வந்தன.

ரெக்கார்டுக்காக சுகுமாரைச் சுவரோரம் நிறுத்தினார்கள். தேவயானி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"தாடையக் கொஞ்சம் இறக்குங்க... கண்ண மூடாதீங்க... பயப்படாதீங்க சுகுமார், இதுக்குப் பின்மூடியே கிடையாது!"