அன்னப் புடவையில் மாங்காய்

தறி முதலாளி கலியாணசுந்தரம் முகூர்த்தப் புடவையை மேசைமேல் விரித்துப் போட்டார். உடல் முழுக்க அன்னப் புட்டா, சின்னச் சின்ன அன்ன உருவங்கள். நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் வரிசையாக மாங்காய் புகுந்திருந்தது. பெண் வீட்டார் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இது தறிக்காரி பொன்னி பண்ண வேலை மேடம். பக்கத்துத் தறி காந்தாவுக்குத்தான் மாங்காய் டிசைன். ரெண்டு பேருக்கும் ஆவாது. வேணும்னே எதையோ அமுக்கி வெச்சிருக்குது. ஆளை நிறுத்திட்டேன். நெசவாளர் சங்கத்துல விசாரிச்சுட்டு முடிவு பண்ணுன்றாங்கோ."

மென்பொருள் கோளாறுகளைத் துப்பறிவதுதான் காயத்ரியின் தொழில். அவளுடைய உதவியாளர் சிட்டிபாபு, துப்பு கிடைக்கும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடுகிறவர். "பொன்னிதான் மேடம், கேஸ் முடிஞ்சுது!" என்றார்.

முதலாளிக்குப் பின்னால் விக்னேஷ் நின்றிருந்தான். தறிமேல் இருக்கும் மின்பெட்டிக்கு டிசைன் அனுப்பும் புரோகிராம் அவன் எழுதியது. அதில் தப்பே இல்லை என்று அடித்துச் சொன்னவனும் அவனே.

காயத்ரி விரலால் புடவையைத் தடவினாள். "மாங்காய் ஆரம்பிக்கிற இடத்துல குறுக்கே கோடு தெரியுதே?"

"தறி நின்னு ஓடினா விழும் மேடம்" என்றார் முதலாளி.

"சாப்பிட நிறுத்தின கோடும் இருக்கு. அங்கெல்லாம் அன்னம் ஒழுங்கா இருக்கே?"

கலியாணசுந்தரம் யோசித்தார். "இது ரெண்டும் கரண்ட் போய் வந்தப்போ விழுந்தது. காந்தா புடவையிலயும் அப்பவே கோடு விழுந்துது. ஆனா டிசைன் மாறல."

"விக்னேஷ், நீங்க சோதிச்சப்போ எத்தனை தறி ஓடிச்சு?"

"ஒண்ணுதான் மேடம்."

மறுநாள் மதியம் எல்லோரும் தறிக்கூடத்தில் கூடினார்கள். முசரவாக்கம் கிராமத்து வீட்டிலிருந்து வரவழைத்த பொன்னி, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். அவள் தறியில் முதலாளியை உட்காரவைத்தாள் காயத்ரி. அடுத்த தறியில் காந்தா. சிட்டிபாபு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

அன்னம்தான் வந்தது. சிட்டிபாபுவின் முகம் தொங்கியது. விக்னேஷுக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னொரு தடவை" என்றாள் காயத்ரி.

இந்தத் தடவை முதலாளியின் கையாலேயே மாங்காய் விழுந்தது.

"ரெண்டு தறிக்கும் புரோகிராம்ல தனித்தனியா ஒரு வேலை ஓடுது, த்ரெட்டுன்னு பேர்" என்றாள் காயத்ரி. "ஆனா டிசைனை வைக்கிற ஆப்ஜெக்ட் ஒண்ணே ஒண்ணு. ஒரே சிலேட்டுல ரெண்டு பேர் எழுதற மாதிரி. பொன்னியோட த்ரெட் அன்னத்தை வைக்குது. அதைத் திரும்ப எடுக்கறதுக்குள்ள காந்தாவோட த்ரெட் மாங்காயை வெச்சிடுது. ரெண்டு தறிக்கும் மாங்காயே போகுது. மத்த நேரம் ஆளுக்கொரு நேரத்துல ஆரம்பிப்பாங்க, மோதாது. கரண்ட் வந்தா ரெண்டு பெட்டியும் ஒரே நேரத்துல டிசைனைக் கேக்கும். ஆளுக்கொரு நகல் குடுத்திருந்தா இந்த வம்பே இல்லை."

"புரோகிராம் எழுதும்போதே கம்ப்யூட்டர் எச்சரிச்சிருக்காதா மேடம்?" என்றார் சிட்டிபாபு.

காயத்ரி திரும்பி விக்னேஷைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டு, அவன் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

"எச்சரிச்சுது மேடம். பரவாயில்லைன்னு நான்தான் அதை அடக்கி வெச்சேன்." தலை நிமிரவில்லை. "முதலாளி அக்காவைத் திட்டினப்பவே எனக்கு அது ஞாபகம் வந்துது. வேலை போயிடும்னு வாயை மூடிக்கினு இருந்துட்டேன். மன்னிச்சிடுங்கக்கா."

கலியாணசுந்தரம் தறியைவிட்டு எழுந்து, "நாளைக்கே வந்துடும்மா" என்றார் பொன்னியிடம்.

பொன்னி விக்னேஷைத்தான் பார்த்தாள். "என் பொண்ணு கேட்டுச்சுபா, 'ஏம்மா, வேணும்னே கெடுத்தியா'ன்னு. இல்லன்னு எவ்ளோ சொல்லியும் நம்பல. நீ படிச்சவன், சொன்னா நம்பும். வந்து சொல்றியா?"

அவன் அவளோடு முசரவாக்கத்துக்குப் போனான். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் தேடியும் ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

வீட்டில் அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தது. அவனைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார்" என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டது. அவனால் அதில் உட்கார முடியவில்லை.