சுண்டுவிரல்

கணினித் திரையில் பலூன்காரச் சிறுமியின் இடது கையில் சுண்டுவிரல் மறுபடியும் முளைத்திருந்தது.

சிறுமியை வரைபவள் அதை அழித்துச் சேமித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போயிருந்தாள். காலையிலிருந்து இதே கூத்து.

கார்ட்டூன் உருவங்களுக்கு நான்கு விரல் வைப்பதில் ஒரு கணக்கு உண்டு. திரையில் கை சிறியது. ஐந்து விரல் வைத்தால் வாழைச்சீப்பு மாதிரி தெரியும். ஒரு படத்தில் அதே கையை ஆயிரக்கணக்கான முறை வரைய வேண்டும். ஒரு விரல் குறைந்தால் அத்தனை முறையும் ஒரு விரலின் வேலை மிச்சம். இது அந்தத் தொழிலின் அரிச்சுவடி.

"அஞ்சு விரலா? விளையாடுறீங்களா?" என்றார் இயக்குநர். தூசி ஒத்துக்கொள்ளாது என்று எந்நேரமும் முகக்கவசத்தோடு இருப்பவர். "சாயங்காலத்துக்குள்ள நாலு ஆகணும். இல்லன்னா இந்தப் பொண்ண வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

அவள் தனியாக உருவாக்கிய முதல் பாத்திரம் அது. அதற்காகப் பல வருடம் அடுத்தவர் உருவங்களுக்குச் செருப்பும் பொத்தானும் வரைந்திருக்கிறாள். எரிச்சலில் கண் கலங்கியது.

"அண்ணே, என் ஃபைல்ல நீங்க கை வச்சீங்களா?"

பக்கத்து மேசையில் கோடுகளைச் சுத்தம் செய்பவரை எல்லோரும் ரப்பர் அண்ணன் என்பார்கள். "என் வேலை அழிக்கிறதும்மா. சேர்க்கிறதுக்கு எவன் சம்பளம் தர்றான்?"

சிரித்தபடி கையுறைகளை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளங்கை திரையில் வழுக்கிப் போவதற்காகக் கடைசி இரண்டு விரல்களை மட்டும் மூடும் உறை. வரைகிற கையில் மட்டும்தான் போடுவார்கள். அவர் இரண்டு கையிலும் போட்டிருந்தார். குளிருதாம்.

நிறம் மாறித் தெரியக் கூடாதென்று எப்போதும் திரைச்சீலை இழுத்துவிடப்பட்ட அந்த அறையில், பகலா இரவா என்றே தெரியாத மங்கலில், ஏசியிலிருந்து சொட்டும் நீரின் ஓசையும் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும் சூழ, அவள் விரலை அழித்துவிட்டுக் கண் இமைக்காமல் காவல் இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சரி, மேலே வரையலாம் என்று மேசைக் கண்ணாடியைப் பார்த்தாள். வரைபவர்கள் எல்லோரும் மேசையில் கண்ணாடி வைத்திருப்பார்கள். தம் கையையே நீட்டி, மடக்கி, பார்த்து வரைவதற்கு. பலூன் நூலைப் பிடிப்பதுபோல இடது கையை உயர்த்தினாள்.

திரும்பினாள். விரல் வந்திருந்தது.

இந்த முறை நகத்தோடு. நகத்துக்குக் கீழே பிறை போல ஒரு தழும்பு.

சிறுவயதில் கதவிடுக்கில் நசுங்கிய அவளுடைய தழும்பு. அதை அவள் வரையவே இல்லை.

அச்சத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. கண்ணாடியில் இருப்பதுதானே வருகிறது? சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் இறுக மடக்கினாள். கண்ணாடியில் நான்கு விரல். அழித்தாள். வரைந்தாள். கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

நான்கு.

இன்னொரு முறை. நான்கேதான்.

மடக்கிய விரலோடே படத்தை இயக்குநருக்கு அனுப்பினாள். "அப்பாடா!" என்று பதில் வந்தது. மூச்சை விட்டு, கையை விரித்தாள்.

நான்கு விரல்கள் விரிந்தன.

வலி இல்லை. ரத்தம் இல்லை. தழும்பு இல்லை. மோதிரவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே வளைவு. சுத்தமான கோடு.

மேசைமேல் ஏதோ மெத்தென்று விழுந்தது. ஓர் உறை.

"இடது கைக்கு," என்றார் ரப்பர் அண்ணன். "பழகிடும்மா."

அவர் பின்னால் இயக்குநர் நின்றிருந்தார். "கை பிரமாதம். மூக்கு மட்டும் உறுத்துது. எடுத்துடலாம், ஸ்டைல் இன்னும் எளிமையாகும்."

அவர் இன்னும் நெருங்கிக் குனிந்தார். அப்போதுதான் அவரைப் பக்கவாட்டில் பார்த்தாள். முகக்கவசத்துணி கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை எங்கும் மேடு தட்டாமல் பலகைபோல் படிந்திருந்தது.

"ஒண்ணும் கஷ்டமில்ல. கண்ணாடி முன்னாடி மூக்க மூடிக்கிட்டு வரைங்க. வந்துடும்."