அதுதான் நகலாள் இருக்கிறதே

நிலவின் தென்முனைப் பனிச்சுரங்கத்தில் வேலை பார்க்கும் முப்பிடாதி, தினமும் பல் துலக்கிக்கொண்டே அம்பாசமுத்திரத்தில் படுத்திருக்கும் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிடுவாள். அங்கே தொடுவது அவளுடைய நகலாளின் கை. அவளுடைய முகம், அவளுடைய குரல், மூக்குத்தி உட்பட எல்லாம் அச்சாக அவளே. காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் பொத்தானை அழுத்தினால் அவள் நகலாளுக்குள் போய்விடலாம். "சாப்டியளாப்பா, மருந்து போட்டியளா, சரி வைக்கட்டா" என்று கேட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். அதன் பிறகு நகலாள் தானாகவே கட்டிலருகில் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் "எல்லாம் சரி" என்று ஒரு செய்தி அனுப்பும். நிலவில் இருக்கும் எல்லோரும் இப்படித்தான் பெற்றவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் இதில் குறை தெரியவில்லை.

முப்பிடாதிக்கு மட்டும் தெரிந்தது. அப்பா சங்கரபாண்டிக்கு இதயத்தில் அறுவை நடந்த அன்று, அவள் நகலாளின் கையால் அவர் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை நடுங்கியதா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை. மறுநாளே விடுப்புக் கேட்டுப் போய் நின்றாள். உற்றார் நோயுற்றால் தொழிலாளி உடனிருக்கலாம், அது அவர் உரிமை என்று சட்டமே இருந்தது. ஆனால் அந்தச் சுரங்கத்தில் தும்முவதற்கே மேலாளரிடம் சொல்ல வேண்டும். கூட்டிச் சொல்வதாக நினைக்காதீர்கள், முதல் தும்மல் இலவசம், இரண்டாவதற்குத்தான் அனுமதி.

மேலாளர் பெஞ்சமின் தங்கமானவர். சட்டம் 'உடனிருக்கலாம்' என்கிறது, அதுதான் நகலாள் உடனிருக்கிறதே, பிறகு எதற்கு விடுப்பு என்று வாஞ்சையோடு கேட்டார். வேண்டுமானால் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருக்கும் புது ரகத்தை நிறுவனச் செலவிலேயே தருவதாகவும் சொன்னார்.

"உங்க கல்யாணத்துக்கு நகலாளையா சார் அனுப்புனீங்க?"

"ஆமாம்மா. வேலை இருந்துச்சு. அவளும் அனுப்பியிருந்தா. ரெண்டும் சந்தோசமாத்தான் இருக்கு."

முப்பிடாதி நேரே போய் வழக்குப் போட்டாள். சமையற்கூடத்துக்கு மாற்றினார்கள், போனாள். கழிவுநீர்க் குழாய்க்கு மாற்றினார்கள், அதற்கும் போனாள். தோழிகள், அப்பாதான் நன்றாக இருக்கிறாரே, எதற்கு வம்பு என்றார்கள். "எங்கப்பாவுக்கு மட்டும் கேக்கலட்டி, உங்கப்பனுக்கும் சேத்துத்தான்" என்றாள். தினமும் நகலாளுக்குள் போகும்போது, விடக் கூடாது என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டு வந்தாள். வழக்கு நகர்ந்த வேகத்தில் நிலவில் இன்னொரு பள்ளமே விழுந்திருக்கும். அவள் அசையவில்லை.

கடைசியில் நடுவர் ஒரு யோசனை சொன்னார். நகலாள் மகளுக்கு ஈடா இல்லையா என்பதைத் தகப்பனிடமே கேட்டுவிடலாம். திரையில் அம்பாசமுத்திரம் தெரிந்தது. கட்டிலில் சங்கரபாண்டி, பக்கத்தில் நகலாள்.

"எல்லாம் அவள மாதிரியேதான் இருக்கு ஐயா," என்றது கட்டிலில் இருந்து வந்த குரல். "ஆனா பெத்த மனசுக்குத் தெரியாதா? இது எம்மவ இல்ல. எம்மவள அனுப்புங்க."

மன்றமே அழுதது. நிலவில் கண்ணீர் சட்டென்று இறங்காது, ஆகையால் கன்னத்தில் முத்து முத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டு எல்லோரும் நெடுநேரம் அழுதார்கள். பெஞ்சமின்கூட அழுதார். அன்புள்ளவர்களை எந்த இயந்திரமும் ஏமாற்ற முடியாது, ஆகவே சுரங்கத் தொழிலாளர் அனைவருக்கும் பராமரிப்பு விடுப்பு உண்டு என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். தொழிலாளர்கள் குதித்த குதியில் பாதிப் பேர் கூரையில் தலையை இடித்துக்கொண்டார்கள்.

முதல் விண்கலத்தில் முப்பிடாதி ஊருக்கு வந்தாள். வீட்டுக்குள் ஓடி, கட்டிலில் உட்கார்ந்து, சொந்தக் கையால் அப்பாவின் கையைப் பிடித்தாள். நடுக்கமே இல்லை. பக்கத்தில் இருந்த அவளுடைய நகலாள் "சாப்டியளாப்பா?" என்றது. "ஆச்சும்மா" என்றார் அவர். "மருந்து?" "ஆச்சும்மா." போர்வை விலகியிருந்ததை அவள் சரி செய்யப் போனாள். அப்பாவின் இடுப்பிலிருந்து ஒரு மின்கம்பி இறங்கிச் சுவரில் சொருகியிருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆற்றில் குளித்துவிட்டுத் தோளில் ஈரத்துண்டோடு சங்கரபாண்டி வந்தார். மூங்கில் மாதிரி நிமிர்ந்து, ஆள் பத்து வயது குறைந்து நின்றார்.

"ஏட்டி, ஜெயிச்சுட்டியா?"

"எப்பப்பா எந்திச்சு நடந்திய?"

"நீ வழக்குப் போட்ட மறுமாசமே."

"எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேம்ட்டி. 'நல்லாயிருச்சு'ன்னு வாயத் தெறக்கதுக்குள்ள 'சாப்டியளா, மருந்து போட்டியளா, சரி வைக்கட்டா'ன்னு போயிருத. நாலஞ்சு நாள் பாத்தேன். அப்புறம் யோசிச்சேன். நீ எல்லாருக்கும் சேத்து நிக்குத, ஊடால நான் எந்திச்சுட்டா வழக்கு படுத்துருமே. கல்யாணப் பாத்திரக் கடையில என்னய மாதிரி ஒரு நகலாள வாடகைக்கு எடுத்துப் படுக்கப் போட்டேன்."

"அப்ப அந்தச் சாட்சி? பெத்த மனசுன்னு சொன்னது?"

"நானா சொல்லிக்குடுத்தேன்? அது தானாச் சொன்னது. அந்நேரம் நான் ஆத்துல கெடந்தேன்."

முப்பிடாதி கட்டிலில் கிடந்ததையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை மாதமும் தினந்தோறும் அவள் நலம் விசாரித்துப் போனது ஓர் இயந்திரத்தை. அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. பிறகு அப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஒரு மாத விடுப்பு, போராடி வாங்கியது, ஒரு நாளும் வீணாகக் கூடாது.

"சாப்டியளாப்பா?"

"ஆச்சு."

"மருந்து போட்டியளா?"

"ஆச்சு."

அப்பா அடுத்த கேள்விக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அடுத்த கேள்வி வரவில்லை. அவள் விரல் தன்பாட்டுக்கு எழுந்து, காதுக்குப் பின்னால் இருக்கும் பொத்தானைத் தேடிப் போயிற்று. பாதி வழியில் அதைப் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.